ஒரு தளம் போதும்

இல்லமும் வாழ்வும்



இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் ஒரு வகை ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. எழுதுபவர் பணி ஓய்வை நெருங்கியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடபுலத்து நகரொன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். ஊரில் தந்தையார் விட்டுச் சென்ற நிலம் சிறிது இருக்கும். அதில் ஒரு வீடு கட்டிக்கொண்டு எஞ்சிய நாளை மண்ணோடும் மரத்தோடும் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இம்முறை வந்துள்ள கடிதம் காரைக்குடிக்கு அருகே ஒன்றரை ஏக்கர் புன்செய் உடைய ஒரு குடும்பத்தினர் எழுதியது. "மாடி வேண்டா. பண்ணை வீடு போல ஒரே தளமாக, நாட்டுப்புற அழகோடு கட்ட விரும்புகிறோம். எவ்வாறு அமைப்பது? எவ்வாறு அலங்கரிப்பது?" என்று குடும்பத் தலைவர் கேட்கிறார். நான்கு படுக்கையறையும் இரண்டு கூடமுமாக 3,000 சதுர அடிக்கு ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறார். கடிதத்தின் அடியில் அவர் துணைவியார் வேறு மையில் ஒரு வரி சேர்த்துள்ளார்: "இவ்வளவையும் நாள்தோறும் யார் பெருக்குவது என்றும் சொல்லுங்கள்."

தலைவர் பக்கம் பக்கமாக எழுதியுள்ளார். தலைவி எழுதியது ஒரே வரி. ஆயினும் வீட்டு அமைப்புக்கு அடிப்படையான கேள்வி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஒரு வீடு எந்த நாளுக்காகக் கட்டப்படுகிறது? மக்களும் பேரரும் கூடும் பத்து நாளுக்காகவா, இருவர் மட்டும் வாழும் மற்ற நாளுக்காகவா? இதற்கு விடை கண்டுவிட்டால் சுவரும் கூரையும் தாமே உரிய இடத்தில் அமையும்.

பண்ணை வீடு எது?

டில்லியில் வாழும் அன்பர்களுக்குப் பண்ணை வீடு என்றதும் நகரின் தெற்கே மெஹ்ரௌலி, சத்தர்ப்பூர்ப் பக்கத்து மாளிகைகள் நினைவுக்கு வரும். உயர்ந்த மதில், பரந்த புல்வெளி, திருமண விருந்துகள் எல்லாம் அங்கே உண்டு. உழவு மட்டும் அரிது. இப்பொழுது பல இதழ்களில் காணும் அமெரிக்க நாட்டுப் பண்ணை வீட்டுப் படங்களும் பலர் மனத்தைக் கவர்கின்றன. வெண்ணிறப் பலகைச் சுவர், செங்குத்தாகச் சரிந்த கூரை, முன்புறம் அகன்ற தாழ்வாரம் ஆகியவை அவற்றின் அடையாளம். அந்நாட்டில் மரம் மிகுதி. ஆதலின் சுவர் பலகையாயிற்று. பனி பெய்து கூரைமேல் குவியும் பகுதிகளில் அது சரிந்து விழவேண்டும். ஆதலின் கூரை செங்குத்தாயிற்று. வேலை முடிந்து அமர இடம் வேண்டும். ஆதலின் தாழ்வாரம் வந்தது. அவர்களுடைய அழகு அவர்களுடைய மழையிலும் மரத்திலும் வேலையிலும் பிறந்தது. வெண்பலகையைச் செம்மண் சீமைக்குக் கொண்டுவந்தால் கரையானுக்கு விருந்தாகும். தாழ்வாரத்தைக் கொண்டுவர வேண்டியதே இல்லை, திண்ணை என்ற பெயரில் அது நம்மிடம் முன்னரே இருக்கிறது.

கல்கத்தாவில் வாழ்வோர் இன்னொன்றை அறிவர். நாம் பெருமையோடு சொல்லும் 'பங்களா' என்ற சொல் முதலில் வங்காள நாட்டுக் குடியானவனின் ஒரு தள வீட்டைக் குறித்தது. மூங்கில் வளைவுக்கேற்ப வில்போல் வளைந்து இறங்கும் கூரை கொண்ட எளிய வீடு அது. பெருமழை உடனே வழிந்தோட அவ்வளைவு உதவிற்று. விஷ்ணுபூரில் 1655-இல் எழுந்த ஜோர் பங்களாக் கோவில், அத்தகைய இரண்டு குடிசைகளைச் சேர்த்து வைத்தாற்போலச் செங்கல்லால் கட்டப்பட்டது. உழவன் வீட்டின் வடிவம் இறைவன் கோவிலுக்குப் போதுமானதாய் இருந்தது. ஒரு தள வீடு வறியவர் வீடு என்று எண்ணி மயங்குவோர் இதனை நினைக்க வேண்டும்.

பூட்டிய கதவுகள்

காரைக்குடிச் சீமையில் வீடு கட்ட விழைவோர்க்கு அச்சீமையே ஒரு பாடம். பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்று பொருள் ஈட்டிய வணிகர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தம் ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்தன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் அவை. கூட்டுக் குடும்பம் நிறைந்திருந்த காலத்தில் அவ்வளவு இடமும் வேண்டியிருந்தது. திருமணமும் படைப்பும் அங்கேயே நடந்தன.

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. கடல் கடந்த தொழில் குன்றிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். இன்று அவ்வீடுகளுள் பல, குடும்ப விழாவுக்கு மட்டும் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பிரித்து விற்கப்பட்ட சில வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் காணலாம். கட்டியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் காலத்துக் குடும்பத்துக்கு அவை பொருந்தின. குடும்பம் சுருங்கியபோது வீட்டால் சுருங்க இயலவில்லை. ஊரை விட்டு வெளியே வாழும் நமக்கு இதில் உள்ள எச்சரிக்கை பெரிது. நம் பிள்ளைகள் எங்கே வாழ்வர் என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. நாம் இருவர் வாழப் போகும் வீடு எது என்பதை முடிவு செய்ய இயலும்.

அளவும் அமைப்பும்

ஆகவே அன்பர் அனுப்பிய 3,000 சதுர அடியை 1,200 சதுர அடியாகக் குறைக்கலாம் என்பது எம் கருத்து. கிழக்கு மேற்காக 40 அடி நீளமும், தெற்கு வடக்காக 30 அடி அகலமும் கொண்ட ஒரு செவ்வகம். நடுவில் 10 அடிக்கு 10 அடி முற்றம். முற்றத்தைச் சுற்றிக் கூடம். இரண்டு படுக்கையறை, அடுப்படி, சாமான் அறை, இரண்டு குளியலறை. இவற்றுக்கு வெளியே முன்புறம் நெடுகிலும் 6 அடி அகலத் திண்ணை. பேரப் பிள்ளைகள் பத்துப்பேர் வந்தாலும் கூடத்திலும் திண்ணையிலும் பாய் விரித்தால் இடம் போதும். அவர்கள் பின்னாளில் நினைவுகூரப் போவதும் தனியறைக் கட்டிலை அன்று; எல்லாரும் வரிசையாகப் படுத்துக் கதை பேசிய கூடத்தைத்தான்.

நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. காரைக்குடிச் சீமையில் ஆனித் தொடக்கத்து நண்பகல் வெயில் உச்சிக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகை சாய்ந்து வரும். மார்கழித் தொடக்கத்தில் தெற்கே ஏறக்குறைய 33 பாகை சாயும். இரண்டும் உயரத்திலிருந்து இறங்கும் வெயிலாதலின், கூரையை 3 அடி நீட்டி இறவாரம் விட்டால் தெற்குச் சுவரில் மார்கழி நண்பகலிலும் நாலரை அடி நிழல் விழும். காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் தாழ்ந்து வரும் வெயிலை எந்த இறவாரமும் தடுக்காது. ஆதலின் அவ்விரு பக்கச் சுவர்களும் குறுகியிருப்பது நலம். மேற்குப் பக்கத்தில் குளியலறையையும் சாமான் அறையையும் வைத்தால் மாலை வெப்பத்தை அவை தாங்கிக்கொள்ளும், படுக்கையறைக்கு வாராது. மேற்கே சற்று எட்ட ஒரு வேம்பும் ஒரு புங்கமும் நட்டுவிட்டால் சில ஆண்டுகளில் அவை வீட்டுக்குக் குடை பிடிக்கும்.

அடுப்படி தென்கிழக்கில் அமையட்டும். கோடையைத் தொடர்ந்து வீசும் காற்று தென்மேற்கிலிருந்து வருவது. ஐப்பசி கார்த்திகை மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் இரண்டு காலத்திலும் புகை வீட்டுக்குள் பெரும்பாலும் திரும்பாது. அக்கினி மூலை என்று பெரியோர் வகுத்ததும் இதனோடு ஒத்துப்போகிறது. அடுப்படியில் நின்றபடியே முற்றத்தையும் வாயிலையும் காணுமாறு ஒரு சன்னலோ திறப்போ இருக்க வேண்டும். வீட்டில் மிகுந்த நேரம் நின்று வேலை செய்பவர் எதையும் காணாத மூலையில் அடைபடுவது முறையன்று.

உழவு சிறிதேனும் நடக்கும் வீடாதலின் கொல்லைப்புறத்தை மறக்கலாகாது. பின்வாயிலில் கால் கழுவ ஒரு கல்மேடையும் குழாயும், மண்வெட்டியும் கூடையும் வைக்கச் சிறு கொட்டகையும், நெல்லோ கடலையோ காயவைக்கச் சிமெண்டுக் களமும் முதலிலேயே திட்டத்தில் இருக்கட்டும். இவை இல்லையேல் சேற்றுக் காலும் சாக்கு மூட்டையும் கூடத்துக்கு வந்து சேரும். வீட்டுக்காரர் இருவர்க்கும் பிணக்கும் வந்து சேரும்.

சுவரும் கூரையும் தரையும்

ஒரு சிற்றூரின் சிறந்த வீடு ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆகவேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை, இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தம் தொழிலுக்கு வழிகாட்டியாகக் கொண்டார். சிக்கன வீடுகளுக்காக அவர் பரப்பிய முறைகளுள் எலிப்பொறிக் கட்டு ஒன்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது அது. 9 அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் அமைவதால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சுகிறது. வெளி வெப்பம் உள்ளே வருவதும் குறைகிறது. செங்கல் கோணாமல் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். கொத்தனார்க்குப் பழக்கமும் வேண்டும். பழக்கம் இல்லையேல் முதலில் கொட்டகைச் சுவரில் கட்டச் செய்து பார்த்துவிட்டுப் பின் வீட்டில் கைவைக்கச் சொல்லலாம்.

கூரைக்கு இருவழி உண்டு. ஒன்று ஓட்டுக் கூரை. மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டை ஓடுகள் இன்றும் எங்கும் கிடைக்கின்றன. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இவை நாட்டு ஓட்டைவிடப் பழுது குறைந்தவை. ஆயினும் முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகள் கூடும் மூலைத் தாழ்வுகளில்தான் முதலில் ஒழுகும். அங்கே அகலமான தகரத் தகட்டைப் பதிக்காமல் ஓடு வேயவிட வேண்டா. மற்றொன்று கான்கிரீட்டுத் தளம். அவ்வாறாயின் தளத்தின்மேல் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு இட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் குறையும். குரங்குத் தொல்லை உள்ள ஊரில் தளமும், இல்லாத ஊரில் ஓடும் ஏற்றவை.

முற்றத்தில் விழும் மழையை வீணாக்கலாகாது. கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காக அன்றிக் கணக்குக்காகவே இதனைச் செய்யலாம். 1,200 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 111 சதுர மீட்டர். ஒரு செ.மீ. மழை பெய்தால் அதில் விழும் நீர் ஏறக்குறைய 1,100 லிட்டர். இருவர் வாழும் வீட்டுக்கு ஒரு நல்ல மழை பல நாளைய நீரைத் தந்துவிடுகிறது.

தரைக்கும் சுவருக்கும் அச்சீமையில் வெளியே தேட வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கற்கள் சூளையில் சுடப்படுவன அல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. நாள்தோறும் துடைக்கத் துடைக்க அது கூடும். கூடத்தில் மட்டும் அதனைப் பதித்து, அறைகளுக்குச் சிவப்புப் பூச்சுத் தரை விட்டால் செலவு அடங்கும். சுவருக்குச் சுண்ணாம்பு, மணல், கடுக்காய் நீர், பனைவெல்லம், முட்டை வெண்கரு ஆகியவற்றால் ஆன செட்டிநாட்டுப் பூச்சு பெயர்பெற்றது. அதில் கைதேர்ந்தவர் கூலி மிகுதி. ஆகவே முகப்புச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அதனை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் குறைவில்லை.

அலங்காரம்

எவ்வாறு அலங்கரிப்பது என்ற கேள்விக்கு வருவோம். உடைந்த வண்டிச் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைப்பதும், எந்நாளும் உழாத ஏரைக் கூடத்தில் தொங்கவிடுவதும் இப்பொழுது பெருவழக்கு. இவை பிறர் வீட்டு உழைப்பை விலைக்கு வாங்கி நம் வீட்டு அழகாக்குதல். உங்கள் தாயாரின் அரிவாள்மணை இருந்தால் அது அடுப்படியில் காய் அரியட்டும். பாட்டியாரின் உரல் கொல்லையில் இடிக்கட்டும். பயன்படும் பொருள் தானே பளபளக்கும். தூசு துடைக்கத் தனி நேரம் வேண்டா.

டில்லியிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதையில் நாகபுரியைக் கடந்ததும் சேவாகிராமம் என்ற நிலையம் வருகிறது. நம்முள் பலர் எத்தனையோ முறை அதனைக் கடந்திருக்கிறோம். ஒருமுறையேனும் இறங்கி, 1936 முதல் காந்தியடிகள் வாழ்ந்த ஆசிரமத்தைக் காண வேண்டும். மண்சுவரும் ஓட்டுக் கூரையும் பாய் விரித்த தரையுமாக அவர் குடில் இருக்கிறது. சுவரில் ஓர் அலங்காரம் உண்டு. மீராபென் அம்மையார் அம்மண்ணிலேயே பனைமரங்களையும் இராட்டையையும் புடைப்பாக வடித்திருக்கிறார். சுவர் எந்த மண்ணோ படமும் அந்த மண். வாழ்வு எந்த வேலையோ படமும் அந்த வேலை. அலங்காரத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டா.

உழவர் வீட்டின் உள்ளமைப்பை நேரில் காண விரும்புவோர் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குச் செல்லலாம். பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டையும் உழவர் வீட்டையும் ஒரே நாளில் நடந்து பார்த்து ஒப்பிடலாம். இணையர் இருவரும் சேர்ந்து செல்வது நலம். எந்தத் திண்ணையில் இருவரும் தாமே அமர்ந்துவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, அத்திண்ணையின் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த நகரத்தின் அடையாளத்தை ஊர் வீட்டு வாயிலில் துடைத்துவிட்டு நுழைய வேண்டியதில்லை. மராட்டிய மாநிலத்து வார்லிப் பழங்குடிப் பெண்கள் திருமணக் காலத்தில் மண்சுவரில் அரிசி மாக்கரைசலால் ஓவியம் எழுதுவர். அரிசி மாவால் கோலமிடும் நம் வீட்டுக்கு அது அயலானதன்று. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த வங்காளத்துக் காந்தா விரிப்பு நம் கட்டிலிலும் அழகாயிருக்கும். குஜராத்தில் வாழ்ந்தவர்க்கு அங்குள்ள கூடத்து ஊஞ்சலும் நம்முடைய ஊஞ்சலும் உறவு. பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது அந்நகரங்களில். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது தம் குழந்தைப் பருவமும் அவ்வீட்டில் இருக்கக் கண்டால் அது அவர்களுக்கும் ஊராகும்.

முதுமையை எண்ணுதல்

ஒரு தள வீட்டின் தலையாய நன்மை படியின்மை. ஆயினும் பலர் மாடிப்படியை நீக்கிவிட்டு வாயிலில் ஐந்து படிகளைக் கட்டிவிடுகிறார்கள். மழைநீரும் பாம்பும் புகாதிருக்க அடித்தளம் 2 அடியேனும் உயர்தல் வேண்டும் என்பது உண்மை. அதற்கு ஒரு வழி உண்டு. ஓர் அடி உயர 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதை அமைத்தால் சக்கர நாற்காலியும் ஏறும். 2 அடிக்கு 24 அடி நீளம். நகரத்து மனையில் அதற்கு இடமில்லை; ஒன்றரை ஏக்கரில் உண்டு. முன்வாயிலுக்குப் படியும், பக்கத்தில் சுவரை ஒட்டி மண் நிரப்பிய சரிவும் அமையட்டும். நெல் மூட்டை வண்டியும் அதில் ஏறும்; ஆகவே முதுமைக்காகக் கட்டியது என்ற வருத்தமும் தோன்றாது.

உட்கதவுகள் 3 அடி அகலம் கொண்டு, நிலைப்படி இடறாதபடி தரையோடு இருக்கட்டும். ஒரு குளியலறையேனும் படுக்கையறையை ஒட்டி, வழுக்காத தரையும் சுவரில் பற்றுக் கம்பியும் கொண்டதாக இருத்தல் வேண்டும். கம்பி இப்பொழுதே வேண்டா என்றால் அதனைத் தாங்கும் வலிமை சுவருக்கு இப்பொழுதே இருக்கட்டும். படுக்கையிலிருந்து திண்ணை தெரிய வேண்டும். நோயுற்றுக் கிடப்பவர்க்கு வருபவர் போகிறவர் முகம் காண்பதே பாதி மருந்து.

அம்மையாரின் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சோதனை செய்யுங்கள். ஒருவர் தனியே அரைமணி நேரத்தில் இவ்வீட்டைப் பெருக்கி முடிக்க இயலுமா? ஒருவர் தனியே பத்து நிமிடத்தில் எல்லாக் கதவும் சன்னலும் சாத்திப் பூட்ட இயலுமா? இயலாதெனில் வீடு பெரிது. வரைபடத்தை இன்னும் மடியுங்கள். பெருக்குவது யார் என்பதற்கு, இருவரும் முறைவைத்து என்பதே எம் விடை. அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்க்கு நேரம் உண்டு. துணைவியார்க்கு ஓய்வு ஆணை எந்த அலுவலகமும் வழங்கவில்லை என்பதைத் தலைவர் அறிவார்.

கட்டுமுன்

நிலம் புன்செயாயினும் வீடு கட்ட முறையான அனுமதி வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, வண்டி செல்லும் பாதையின் உரிமை ஆகிய மூன்றையும் உரியவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கொத்தனாரை அழையுங்கள். பங்காளிகளின் ஒப்பம் வேண்டுமாயின் அன்பு நிலவும் நாளிலேயே பெறுங்கள். வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும். பின்னாளில் ஒருவர் தனித்திருக்க நேர்ந்தால் அவர் தம் வீட்டில் விருந்தினராகிவிடலாகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்று. ஊரிலோ அருகிலோ ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஒரு சித்திரையும் ஒரு கார்த்திகையும் அங்கே கழியட்டும். மருத்துவர் எவ்வளவு தொலைவு, இரவில் வண்டி கிடைக்குமா, பேச்சுக்கு ஆள் உண்டா என்பன அப்பொழுது தெரியும். நாம் விட்டு வந்த ஊர் நமக்காக நின்றுகொண்டிருக்கவில்லை; அதுவும் மாறியிருக்கிறது. பழகியவர் பலர் இல்லை. புதியவர்க்கு நாம் வெளியூரார். ஓராண்டுக்குப் பின்னும் இருவர் உள்ளமும் ஒருமித்து வேண்டும் என்றால் கட்டுங்கள். ஒருவர் உள்ளம் வேண்டா என்றால், அவ்வொருவர் கூறுவதை முதலில் கேளுங்கள். ஓராண்டு வாடகை போனது இழப்பன்று. வாழ்நாள் சேமிப்பைச் சுவராக்கிய பின் பூட்டிவிட்டுத் திரும்புவதே இழப்பு.

கட்டுவதாயின், முதலாண்டு நடுக்கூடமும் அடுப்படியும் ஓர் அறையும் ஒரு குளியலறையும் போதும். இரண்டாம் அறையை, அதன் தேவையை வாழ்ந்து கண்டபின் கட்டுங்கள். திண்ணையை மட்டும் பின்னுக்குத் தள்ள வேண்டா. வழிப்போக்கர் அமர்ந்து நீர் கேட்கவும், பக்கத்து நிலத்தார் மாலையில் வந்து விலை நிலவரம் பேசவும் இடமிருந்தால்தான் ஊர் உங்களை ஏற்கும். அறைகள் குடும்பத்துக்கு, திண்ணை ஊருக்கு.

கிணறு தூர்த்தலும் வாய்க்கால் அமைத்தலும் பற்றி வேறு அன்பர்கள் கேட்டுள்ளனர். அவற்றை அடுத்த திங்கள் காண்போம்.